மக்கர் விமானத்தின் சக்கரங்கள்

மூன்று வருடங்களுக்கு முன்னால், கார்த்திகை மாதத்து ஒரு காலையில், சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் இருக்கும் என் கடையில் நடந்தது இது. கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். வாசலில் ஒரு எடை மேடை, பின்னால் ஒரு தகரக் கொட்டகை, நடுவில் கூரை இல்லாத வெற்றிடம், அவ்வளவுதான். பழைய இரும்பு, பித்தளை, அலுமினியம் என்று எது வந்தாலும் வாங்கி, தரம் பிரித்து, உருக்குகிறவர்களுக்கு அனுப்பி வைப்பது என் தொழில்.

இருபது வருடத்துக்கு மேல் இதே வேலை. அதனால் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். காந்தம் ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் மஞ்சளாக இருந்தால் பித்தளை, சிவப்பாக இருந்தால் செம்பு. ஒட்டவும் ஒட்டாமல், அரத்தால் ஒரு இழுப்பு இழுத்ததும் வெள்ளையாகப் பளபளத்து, கைக்கு லேசாகவும் இருந்தால் அலுமினியம். இதற்கு மேல் உலகத்தில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்று பேசிக்கொண்டு திரிந்த ஆள் நான். பக்கத்துக் கடைக்காரர்களே சந்தேகம் வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நானும் வேண்டுமென்றே இரண்டு நிமிடம் காக்க வைத்துவிட்டுப் போவேன்.

கேஸ் கட்டிங், அதாவது கேஸ் நெருப்பு டார்ச்சால் இரும்பை அறுக்கும் வேலை, முழுக்க என் அக்கா மகன் பொறுப்பு. முப்பத்தைந்து வயது, இரண்டு பெண் குழந்தைகளுக்கு அப்பா. டார்ச்சைக் கையில் எடுத்தால் பேச மாட்டான், கண் அதிலேயே இருக்கும். அவனை என்னிடம் வேலைக்கு அனுப்பியபோது அக்கா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள், பார்த்துக்கொள் என்று. நானும் நன்றாகத்தான் பார்த்துக்கொள்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு முந்தின இரவு நல்ல மழை. காலையில் விட்டிருந்தது, ஆனால் கடை நடுவில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்று அப்போதுதான் வடிந்திருந்தது. பத்து மணி இருக்கும். சாமான் ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்று வந்து வாசலில் நின்றது. அதிலிருந்து அறுபது வயது இருக்கக்கூடிய ஒரு அம்மா இறங்கினார். கழுத்தில் சின்னதாக ஒரு சிலுவை, கையில் குடை. வண்டியில் இரண்டு சக்கரங்கள் கிடந்தன. முழங்கால் உயரம், குட்டையாகத் தடியாக இருந்தன. பச்சை, நீலம், சிவப்பு என்று அடுக்கடுக்காகப் பெயின்ட் பூசி, உள்ளே இருப்பது என்னவென்றே தெரியவில்லை.

ராயபுரத்தில் வாழ்க்கைப்பட்டு, இப்போது விம்கோ நகரில் இருப்பதாகச் சொன்னார். மாமனார் காலத்துக் கைவண்டியின் சக்கரங்களாம். மரம் உளுத்துப்போய்விட்டது. பேத்தி ஸ்கூட்டி வாங்கியிருக்கிறாள், நிறுத்த இடம் வேண்டும், அதனால் இதைக் கிளப்பிவிடலாம் என்று கொண்டுவந்திருக்கிறார். அவர் தெருவில் இருந்த பழைய இரும்புக்காரர், நடுவில் இறுகிப்போய் இருக்கும் இரும்புக் குழாயைக் கழற்ற முடியாமல், சாத்தாங்காட்டுக்கு எடுத்துப் போங்கள் என்று அனுப்பிவிட்டாராம்.

என் அக்கா மகன் சக்கரத்தைத் தூக்கப் போனான். கனமாக இருக்கும் என்று காலை அகட்டி நின்று மூச்சைப் பிடித்தவன், அது சட்டென்று மேலே வந்ததும் தடுமாறிவிட்டான்.

"இன்னா மாமா, பாக்கத்தான் குண்டாகீது, தூக்குனா ஒண்ணுமில்ல" என்றான்.

அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அந்த அளவு அலுமினியத்துக்கு அந்த எடை குறைவு. ஆனால் உள்ளே கூடாக வார்த்திருப்பார்கள் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். அரத்தை எடுத்து, பெயின்ட் போகிற வரை ஓரத்தில் தேய்த்தேன். வெள்ளையாகப் பளிச்சென்றது. காந்தத்தை வைத்தேன், வழுக்கி விழுந்தது. அலுமினியம் என்று தீர்ப்பு சொல்லிவிட்டேன்.

அந்த அம்மா தலையை ஆட்டினார். "அது அலுமினியம் இல்ல நைனா. ஏரோப்ளேன் சக்கரம் அது. சண்டை நடந்தப்போ பாம் போட்டுச்சே, அந்த ப்ளேனு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் தொழிலில் இது தினசரி கேட்பதுதான். பழைய பாத்திரம் கொண்டுவருகிறவர் ஜமீன் வீட்டுப் பாத்திரம் என்பார். துருப்பிடித்த சங்கிலி கொண்டுவருகிறவர் வெள்ளைக்காரன் கப்பலில் நங்கூரம் கட்டிய சங்கிலி என்பார். விலை கொஞ்சம் ஏறட்டுமே என்று சொல்கிற கதைகள். நான் அவரையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டேன்.

ஆனால் அவர் விலை கேட்கவே இல்லை. கொட்டகைக்குள் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சக்கரத்தை என்ன செய்கிறோம் என்று கடைசி வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்றார். அப்புறம் யாரும் கேட்காமலேயே அந்த விமானத்தின் கதையைச் சொல்ல ஆரம்பித்தார்.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் சோழவரம் பக்கம் விமானம் இறங்கும் மைதானம் இருந்ததாம். அவர் மாமனார் அங்கே கூலியாள். பெட்ரோல் டின் சுமப்பது, மண் கொட்டுவது, சேற்றில் மாட்டிக்கொண்ட விமானத்தைக் கயிறு கட்டி இழுப்பது எல்லாம் அவர்கள் வேலை. அங்கே இருந்ததில் ஒரு குண்டு போடும் விமானத்துக்குக் கூலியாட்கள் வைத்திருந்த பெயர் மக்கர். எப்போது பார்த்தாலும் அது மக்கர் பண்ணிக்கொண்டே இருந்ததால் அந்தப் பெயர். சிப்பாய்கள் அதற்கு என்ன பெயர் வைத்திருந்தார்களோ, மாமனாருக்குத் தெரியாது.

அந்த அம்மா அதை ஒரு விமானத்தைப் பற்றிச் சொல்வது போலவே சொல்லவில்லை. வீட்டில் வளர்ந்த ஒரு அடங்காத பெண்ணைப் பற்றிச் சொல்வது போலத்தான் இருந்தது. வந்த புதிதில் அது நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஓடி, வேலியை உடைத்துக்கொண்டு நெல் வயலில் போய் உட்கார்ந்துவிட்டது. நிலத்துக்காரர் வந்து, அறுவடை ஆகாமல் எடுக்கக் கூடாது என்று வரப்பில் நின்று சண்டை போட்டாராம். இன்னொரு முறை ஒரு கால் இறங்கவே இல்லை. ஒற்றைக் காலோடு மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. கீழே கூலியாட்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசிச் சுற்றில் டப்பென்று கால் வெளியே வந்தது. பெருமூச்சு விட்ட எல்லாரும் கழுத்து சுளுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்களாம். மூன்றாவது முறை முன்பக்கக் கண்ணாடியில் ஒரு பருந்து மோதியது. நான்காவது முறை, சும்மா நிற்கும்போதே வயிற்றுக் கதவு தானாகத் திறந்து, குண்டு போட்டுப் பழகுவதற்காக வைத்திருந்த மணல் குண்டுகள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. அது மணல் என்று யாருக்குத் தெரியும்? மாமனார் ஓடிய ஓட்டத்தில் ஒரு பனைமரத்தில் பாதி ஏறிவிட்டாராம்.

என் அக்கா மகன் சிரித்துவிட்டான். வேலை நேரத்தில் அவன் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு அது பிடிக்கவில்லை என்பதுதான் உண்மை.

"எத்தினி குண்டு போட்டுச்சாம்க்கா உங்க மக்கரு?" என்று கிண்டலாகக் கேட்டேன்.

அவர் குடையை மடியில் கிடத்திக்கொண்டார். "அத்த அவரு சொன்னதேயில்ல நைனா. யாரு வூட்டு மேல வுய்ந்துச்சோ, அத்த யோசிச்சா அவரு சோறு துண்ண மாட்டாராம். போச்சு, திரும்பி வந்துச்சு, அதான் அவுருக்குத் தெரியும். மக்கர் பண்ணுமே தவிர, போன ஆளை வுட்டுட்டு வந்ததில்லன்னு மட்டும் சொல்லுவாரு."

அப்புறம் ஐந்தாவது சம்பவத்தை ஆரம்பித்தார். ஒரு நாள் அது வேகமாக வந்து இறங்கி, பிரேக் பிடித்தபோது இடது சக்கரம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் கையைக் காட்டி நிறுத்தினேன். வாசலில் வேறு இரண்டு வண்டிகள் வந்து நின்றிருந்தன. கதை கேட்டுக்கொண்டு உட்கார்ந்தால் பொழுது போய்விடும். சரிக்கா, அப்புறம் சொல்லு என்றேன். அக்கா மகனிடம், குழாயைச் சுற்றி டார்ச்சைக் காட்டு, சூடு ஏறினால் தானாகக் கழன்று வந்துவிடும் என்றேன். அலுமினியத்தோடு இரும்பு ஒட்டியிருந்தால் உருக்குகிறவர்கள் எடுக்க மாட்டார்கள். இதுபோல ஆயிரம் கழற்றியிருக்கிறோம்.

அந்த அம்மா எழுந்துவிட்டார். "நெருப்பு காட்டாத நைனா. எங்க வூட்ல அந்த வண்டிகிட்ட ஒரு பீடி கூட பத்த வெக்க வுட மாட்டாங்க. இஸ்திரி வண்டியா வெச்சுக்கறேன்னு ஒருத்தர் வாடகைக்கி கேட்டப்பக்கூட எங்க மாமியாரு குடுக்கல."

"நெருப்பு காட்டாம இந்தத் தொழில்ல இன்னாக்கா பண்றது? ஊதியா கயட்றது?" என்றேன். வாசலில் நின்ற ஆட்கள் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. இன்றைக்கும் அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்குக் கூசுகிறது.

என் அக்கா மகன் ஒரு விநாடி என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன். அவன் பெயின்டைக் கிரைண்டரால் சுரண்டினான். பெயின்டோடு வந்த உலோகத் துருவல் சக்கரத்தைச் சுற்றி வெள்ளையாகக் குவிந்தது. பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு டார்ச்சைப் பற்ற வைத்தான்.

அதிக நேரம் ஆகவில்லை. முதலில் அந்தத் துருவல்தான் பக்கென்று பிடித்தது. அடுத்து சக்கரத்தின் விளிம்பு. நான் எத்தனையோ நெருப்பைப் பார்த்திருக்கிறேன், இது மாதிரி பார்த்ததில்லை. மஞ்சளும் இல்லை, சிவப்பும் இல்லை. வெல்டிங் வெளிச்சம் போல வெள்ளை வெளேரென்று, ஆனால் ஒரு கை அகலத்துக்கு எரிந்தது. கண்ணை மூடினாலும் அந்த வெள்ளை உள்ளே நின்றது. வாசலில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஓடியே போனார்கள், அதற்கப்புறம் அவர்களை நான் பார்க்கவே இல்லை.

அக்கா மகன் டார்ச்சை அணைத்துவிட்டுப் பின்னால் விழுந்தான். அவனுக்கு நான்கு அடி தள்ளி ஆக்சிஜன் சிலிண்டரும் கேஸ் சிலிண்டரும் நின்றன. நான் என்ன செய்தேன் தெரியுமா? எங்கள் கடைகளில் அறுத்த இரும்பைக் குளிர வைக்க எப்போதும் ஒரு டிரம் தண்ணீர் இருக்கும். எது பிடித்தாலும் அதிலிருந்து ஒரு வாளி மொண்டு ஊற்றுவதுதான் வழக்கம். கை தானாகப் போகும், மூளைக்கு வேலையே இல்லை. நான் வாளி நிறைய மொண்டு ஓங்கிவிட்டேன்.

அந்த அம்மா என் கையில் குடையால் அடித்தார். அடி என்றால் சாதாரண அடி இல்லை. வாளி எகிறி எங்கோ போய் விழுந்தது, தண்ணீர் முழுக்க என் மேல்தான் கொட்டியது.

"தண்ணி ஊத்தாதடா பாவி, வெடிச்சிரும். ஈரமே படக் கூடாது. காஞ்ச மண்ணைக் கொட்டு."

அந்தக் குரலுக்கு மறுபேச்சுப் பேச முடியாது. தீ அணைப்பதற்காகக் கடையில் வைத்திருந்த மணல் வாளிகளிடம் ஓடினேன். கை வைத்துப் பார்த்தால் மணல் சொதசொதவென்று இருந்தது. ராத்திரி மழையில் நனைந்து போயிருக்கிறது. கடை முழுக்க எங்கே பார்த்தாலும் ஈரம். இந்த ஊரில் காய்ந்த மண்ணுக்கு அந்த நேரத்தில் நான் எங்கே போவேன்? அப்போது எனக்கு வந்த பயம் மாதிரி அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. என் அக்கா முகம்தான் கண் முன்னால் நின்றது.

அக்கா மகன் எழுந்தான், ஆனால் ஓடவில்லை. எரிகிற சக்கரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு சிலிண்டரையும் மூடி, அவை நின்ற தள்ளுவண்டியோடு வாசல் பக்கம் இழுத்துக்கொண்டு போனான். போகும்போது கொட்டகை மூலையைக் காட்டி, "மாமா, பீடு" என்று கத்தினான்.

பீடு என்றால் வார்ப்பிரும்பு. லேத் பட்டறைகளில் பீடு கடையும்போது உதிரும் தூளை மூட்டை மூட்டையாக வாங்கி வைத்திருந்தோம். நனைந்தால் துருப்பிடித்து யாரும் எடுக்க மாட்டார்கள் என்று, அதை மட்டும் பலகை மேல் ஏற்றி, தார்ப்பாய் போட்டு, குழந்தை மாதிரி பாதுகாத்து வைத்திருந்தோம். கடையிலேயே காய்ந்த சாமான் அது ஒன்றுதான். நானும் அந்த அம்மாவும் ஆளுக்கு ஒரு முனை பிடித்து ஒரு மூட்டையை இழுத்துவந்து, மெதுவாக, பக்கத்திலிருந்து சரித்தோம். எறியக் கூடாது, சிதறும் என்று அவர்தான் சொன்னார். இரண்டாவது மூட்டையை அக்கா மகன் தோளில் தூக்கிவந்தான். மூன்றாவது கொட்டியதும் வெளிச்சம் உள்ளே அடங்கியது. நான்காவதையும் கொட்டினோம். மேடு மட்டும் வெகுநேரம் அனலாக இருந்தது. மத்தியானம் வரை யாரும் அதன் பக்கம் போகவில்லை.

அந்த அம்மா சிலுவை அடையாளம் வரைந்துகொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். டீ வந்தது, யாரும் குடிக்கவில்லை. மன்னிச்சுக்கக்கா என்றேன். வேறு என்ன சொல்ல?

"மீதியக் கேளு முதல்ல. அப்பால மன்னிப்பு கேக்கலாம்" என்றார்.

நான் தரையில் உட்கார்ந்து மீதியைக் கேட்டேன். பிரேக் பிடித்தபோது அந்த இடது சக்கரத்தில் நெருப்புப் பிடித்துவிட்டதாம், இதே வெள்ளை நெருப்பு. இரண்டு சிப்பாய்கள் வாளியில் தண்ணீரோடு ஓடினார்கள். ஊற்றியதும் அது வெடித்துச் சிதறியது. அந்த இரண்டு பேரில் ஒருவன், கூலியாட்களுக்கும் தன் டீயில் பங்கு கொடுக்கிறவனாம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள், அவன் திரும்பி வரவில்லை. அதற்கப்புறம் மேலதிகாரி கூலியாட்களையும் வரிசையில் நிற்க வைத்து, சக்கரம் எரிந்தால் தண்ணீர் கூடாது, காய்ந்த மண்தான் என்று செய்து காட்டினாராம். மாமனாருக்கு அவர் பேசிய பாஷை புரியவில்லை, ஆனால் செய்து காட்டியது புரிந்தது.

மக்கருக்குப் புதுச் சக்கரம் மாட்டினார்கள். யுத்தம் முடிந்தது. சிப்பாய்கள் ஊருக்குப் போனார்கள். மக்கர் மட்டும் மைதானத்து ஓரத்தில் நின்றது. இறக்கை நிழலில் ஆடு கட்டினார்கள், மூக்குக்குள் மைனா குஞ்சு பொரித்தது. கடைசியில் உடைத்து ஏலம் விட்டபோது, மாமனார் தன் கூலிக்குப் பதிலாக அதன் இரண்டு கால் சக்கரங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு ராயபுரம் வந்து வண்டி செய்தார். கூட்ஸ் ஷெட் மூட்டை எல்லாம் அதில்தான் போனது. ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் பெயின்ட் அடிப்பார், அப்போதெல்லாம் வீட்டில் இருக்கிற எல்லாரையும் கூப்பிட்டு இந்தக் கதையை முதலிலிருந்து சொல்வார். மருமகளாக வந்த வருஷத்திலிருந்து அந்த அம்மாவும் கேட்டிருக்கிறார். நெல் வயல், பருந்து, பனைமரம் எல்லாம் கேட்டுச் சிரித்த பிறகு, கடைசியில் கதை இந்த நெருப்பில் வந்து நிற்குமாம். சிரிப்புக் கதை இல்லாவிட்டால் யார் அந்தக் கடைசி வரைக்கும் உட்கார்ந்து கேட்பார்கள் என்று அந்த அம்மாவே என்னைக் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் உருக்காலை மேற்பார்வையாளர் ஒருவர் வந்தார். மேட்டைக் கிளறி, மிச்சத்தைப் பார்த்து, மக்னீசியம் என்றார். அந்தக் காலத்து விமானச் சக்கரங்களில் உண்டாம், கனம் குறைவதற்காக. அலுமினியத்துக்கும் இதற்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஒரு வாளி தண்ணீர் விழுந்திருந்தால், அவ்வளவு பக்கத்தில் நின்ற சிலிண்டரோடு சேர்த்து, இந்தக் கடைக்கு அட்ரசே இருந்திருக்காது என்றார். சந்தேகம் வந்தால் அரத்தால் தேய்த்து ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விடு, நுரைத்தால் நெருப்பு காட்டாதே என்று சொல்லிக் கொடுத்தார். அன்று முதல் என் மேஜையில் ஒரு எலுமிச்சம்பழம் இருக்கிறது. திருஷ்டிக்கு வைத்திருக்கிறேன் என்று மார்க்கெட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், நானும் மறுத்ததில்லை.

இன்னொரு சக்கரத்தைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன். வூட்ல ஸ்கூட்டி கீது, எங்க வெக்கறது என்று அந்த அம்மா சிரித்துவிட்டார். அது இப்போதும் என் கொட்டகையில், டார்ச்சுக்கு வெகுதூரத்தில், காய்ந்த பலகை மேல் இருக்கிறது. விற்க மனம் வரவில்லை. போகும்போதும் வரும்போதும் நானே அதை மக்கர் என்றுதான் கூப்பிடுகிறேன்.

சம்பவம் நடந்த அன்று சாயந்திரம் அக்கா மகனைக் காலடிப்பேட்டையில் இருக்கும் அவன் வீடு வரை கொண்டுபோய் விட்டேன். புருவம் பொசுங்கியிருந்ததைப் பார்த்து அவன் சின்னப் பெண் கையால் தடவித் தடவிச் சிரித்தாள். அக்கா எனக்கும் சேர்த்துத் தோசை சுட்டாள், என்ன நடந்தது என்று கேட்டாள். சொன்னேன், வாளியைத் தூக்கியது நான்தான் என்பது வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு மகன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள், வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

இப்போதும் யாராவது ஒரு பழைய சாமானைத் தூக்கிக்கொண்டு வந்து, இது எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது தெரியுமா என்று ஆரம்பித்தால், நான் டார்ச்சை அணைக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்து முழுசாகக் கேட்கிறேன். அன்றைக்கு நான் கையைக் காட்டிப் பாதியில் நிறுத்திய கதையின் மீதியில்தான் என் அக்கா மகனின் உயிர் இருந்தது.